இஜ்ஜாவைத் தேடி வந்த ஆர்கான்

இஜ்ஜா கல்யாணமாகிப் போன மறுவருஷம், அவள் பிறந்த வீட்டு ஆர்கான் மரம் அவளைத் தேடிப் புறப்பட்டது. தடைக்காலத்தில் நடந்த காரியம் அது. காய் பழுத்துத் தானாக உதிரும்வரை காட்டுக்குள் ஆளோ ஆடோ கால் வைக்கக் கூடாது என்பது அட்லஸ் மலைக்காரர்களின் கட்டு. ஆகவே மரம் கிளம்பியதை ஒருவரும் பார்க்கவில்லை. தடை நீங்கி அண்ணன் ஹம்மு கூடையோடு போனபோது ஒரு பள்ளமும், சரிவில் உழுததுபோல ஒரு கோடும் இருந்தன. கோட்டின் முடிவில் மரம் நின்றது. அவன் அதைச் சுற்றிக் கல் அடுக்கினான். உடையவன் அடையாளமாகக் கல் அடுக்கிய மரத்தை அந்தப் பக்கத்தில் வேறு எவரும் தொடுவதில்லை. அடுத்த கோடையில் மரம் அந்தக் கற்களையும் வேரில் இடுக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தது. தடையை மீறிக் கிளையேறி மேய்ந்த ஆடு ஒன்று, இறங்கியபோது வேறு ஊரில் இருந்தது.

புகுந்த வீட்டில் இஜ்ஜாவை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாததால் அவள் எதையுமே சொல்லவில்லை. எண்ணெய்க்காக ஆர்கான் கொட்டை உடைக்கையில், கல்லை ஓங்குவதற்கும் இறக்குவதற்கும் நடுவே, மனம் அந்த மரத்தடிக்குப் போய்த் திரும்பும். அதற்கு ஏக்கம் என்று பெயர் வைக்க அவள் துணிந்ததில்லை. சில வருஷங்களில் மரம் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றபோது அவளுக்கு வந்தது சந்தோஷமல்ல, வெட்கம். யாரோ தன் நெஞ்சை எடுத்து முற்றத்தில் காயப்போட்டதுபோல் இருந்தது.

ஹம்மு கோடரியோடு வந்தான். மரம் தன்னுடையது, நடந்து திரும்பாவிட்டால் விறகாகத் திரும்பட்டும் என்றான். மாமியார் துதா குறுக்கே நின்றாள்.

“தங்கச்சியப் பாக்க ஒருநாளும் வராதவன். மரம் வந்திருச்சுன்னதும் வழி தெரிஞ்சிருச்சாக்கும்?”

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி இஜ்ஜாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: மரத்தை நீ கூப்பிட்டாயா? இல்லையென்றால் அது வழிதவறிய மரம். உடையவனுக்கும் அவன் கோடரிக்கும் சேரும். ஆமென்றால் மரம் அவளுக்கு, ஆனால் அவள் சொத்தில் பங்கு கேட்டவளாவாள். அந்த மலையில் அண்ணனிடம் பங்கு கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவு பிறகு திறந்ததில்லை.

இல்லை என்பதுதான் நாக்கு நுனியில் இருந்தது. பொய்யும் அல்ல, வாய்விட்டு அவள் கூப்பிட்டதே கிடையாது. ஹம்முவின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளை முதுகில் சுமந்தவனின் முகம்தான் அது.

“கூப்பிட்டேன்,” என்றாள். “தினமும் கூப்பிட்டேன்.”

ஹம்மு கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, தனக்குத் தங்கையே இல்லை என்று சொல்லிவிட்டு மலையேறினான். சொன்னபடியே இருந்தான்.

வாசலை மரத்துக்கு விட்டுவிட்டு, வீட்டார் பின்சுவரை இடித்து வேறு வாசல் வைத்தார்கள். இடித்த மண்ணைச் சுமந்த துதா நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அடுத்த தடவ ஏதாச்சும் சின்னதாப் பாத்துக் கூப்பிடு.”

இஜ்ஜா அடுத்த கூடையில் மண்ணை நிரப்பிக்கொண்டே, “பாக்குறேன் அத்தே,” என்றாள்.