பொட்டு வைத்த பிரேக்

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ராத்திரி பெய்த மழை, செகந்திராபாத் பக்கம் உப்பலில் எங்கள் ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜெயகரண்ணன் மிஷினுக்கடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தவை அவருடைய இரண்டு வெறுங்கால்கள் மட்டும்தான். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தேன். கமலம் அக்கா புது பிரேக்கின் இரும்புக் கேலிப்பரை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். சரியான கனம்.

“ஆச்சா ஜெயகரா?”

“ஹவ் அக்கா, ஆயிடுச்சு. நக்கோ நக்கோ, இன்னும் விடாதீங்க! போல்ட்டு ஏறலை.”

“ஆயிடுச்சுங்கறே, ஏறலைங்கறே. என் கை என்ன கிரேனா?”

எங்கள் கம்பெனியில் பிளாஸ்டிக் ஃபிலிம் அறுப்போம். சிப்ஸ் பாக்கெட், மிக்சர் பாக்கெட் எல்லாம் முதலில் ஆள் உயர ஜம்போ ரோலாகத்தான் வரும். அதை மிஷினில் ஏற்றி ஓடவிட்டு, பிளேடு கொடுத்துச் சின்னச் சின்ன ரோலாகச் சுற்ற வேண்டும். அவ்வளவு கனமான ரோல் சுழல ஆரம்பித்தால் லேசில் நிற்காது. இத்தனை வருஷமும் ஒரு தோல் பெல்ட்டைப் போட்டு இழுத்துத்தான் நிறுத்தினோம். சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “இதை வைத்துக்கொண்டா ஆர்டர் கேட்கிறீர்கள்?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு எங்கள் கைகால் மேல் அக்கறை பிறந்தது. காற்று பிரேக் வந்து இறங்கியது.

ரோலின் தண்டில் பளபளவென்று ஒரு எஃகுத் தகடு. தகட்டின் இரு பக்கமும் கேலிப்பருக்குள் ஒவ்வொரு பேட். சிவப்புப் பட்டனை அமுக்கினால் கம்ப்ரஸர் காற்று பாய்ந்து இரண்டு பேடையும் தகட்டோடு நெருக்கும். ரோல் நின்றுவிடும். ஜெயகரண்ணன் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று கம்பியை விட்டு விட்டுப் பார்த்தார். காற்றுக் குழாயை மாட்டுவதற்கு முன் சும்மா திறந்துவிட்டார். துருவும் தண்ணீருமாக என் முகத்தில் அடித்தது. கடைசியாகத் தகட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தார். துடைத்த பிறகு எங்களைத் தொடக்கூட விடவில்லை.

பிரேக் விற்ற கம்பெனியின் என்ஜினியர் அன்று மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, முதலாளியையும் எங்களையும் நிற்கவைத்துச் சொன்னார்: “தகட்டுல எண்ணெய் படக்கூடாது. பட்டுட்டா தகட்டைத் துடைச்சா மட்டும் போதாது. பேட் எண்ணெயைக் குடிச்சிடும். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும்.” முதலாளி “சரிங், சரிங்” என்று தலையாட்டினார். என் கண்ணால் பார்த்தேன்.

முதலாளி ஜெகதீஸ்வரன் கோயமுத்தூர்க்காரர். எங்களில் பாதிப் பேர் ரயில்வே வொர்க்‌ஷாப்புக்காக எப்போதோ இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள். ஜெயகரண்ணன் செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற வீடு. பேச்சில் ஆமாவுக்கு ‘ஹவ்’, ஏனுக்கு ‘கைக்கு’ என்று உருது கலந்திருக்கும். எங்களை வேலைக்கு எடுத்தபோது முதலாளி, “நம்ம ஜனமாச்சே” என்றார். நம்ம ஜனம் என்றால் ஓவர்டைம் கேட்க மாட்டார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. மிஷினையெல்லாம் கழுவி மாவிலை கட்டினோம். கமலம் அக்கா நவராத்திரி முழுக்க ஒரு வேளைதான் சாப்பிடுவாள். வருஷா வருஷம் தட்டு ஏந்துவதும் அவள்தான். நல்லெண்ணெயில் செந்தூரம் குழைத்து எடுத்து வந்தாள். முதலாளி கம்ப்ரஸருக்குப் பொட்டு வைத்தார், எடைமேடைக்கு வைத்தார். அறுக்கிற மிஷினுக்கு வந்ததும் புதுத் தகடு அவர் கண்ணில் பட்டது.

“கண்ணாடியாட்டம் இருக்குதே! இதுலயே வெச்சுப்போடலாம்.”

மூன்று விரலைச் செந்தூரத்தில் முக்கித் தகட்டின் முகத்தில் பட்டை பட்டையாக இழுத்தார். நடுவில் பெரிய பொட்டு. அவர் மகன் போட்டோ எடுத்தான். எண்ணெய் வழிந்து கீழே இறங்கியது.

ஜெயகரண்ணன் பின்னாலிருந்து ஓடி வந்தார். “சார், அந்தத் தகட்டுல மட்டும் வேணாம் சார். மிஷின் பாடியில வைங்க. எண்ணெ பட்டா பிரேக் பிடிக்காதுன்னு அந்த என்ஜினியர் சொன்னாரே.”

“பூஜை நேரத்துல என்ற பொட்டத் தொடைக்கச் சொல்றியா ஜெயகரா? நீ சர்ச்சுக்குப் போறவன். உனக்கு இது வெறும் எண்ணெ. எங்களுக்கு அப்படியில்ல பாத்துக்க.”

ஜெயகரண்ணன் கையில் துணி இருந்தது. ஒரு எட்டு வைத்தால் தகடு. ஆனால் வைக்கவில்லை. கிறிஸ்தவன் பொட்டை அழித்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது எங்கே போய் முடியும் என்று அந்த மனுஷனுக்குப் பயம். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் அந்தப் பயம் இருக்காது?

“அக்கா, நீங்க தொடைங்க. நான் தொட்டா வேற மாதிரி ஆயிடும்” என்று கமலம் அக்காவிடம் துணியை நீட்டினார். அக்கா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் துணியை வாங்கினாள்.

“கமலம்! தட்டுப் புடிச்ச கையாலயா அழிக்கப் போறே?” என்று முதலாளி போட்டார் ஒரு சத்தம். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மிஷினை ஒரு சுற்று ஓட்டி நிறுத்துவது எங்கள் வழக்கம். ஆபரேட்டர் நந்தகுமார் ஓட்டினான். சிவப்புப் பட்டனை அமுக்கினான். செந்தூர எண்ணெயின் மேல் பேட் இரண்டும் போய் உட்கார்ந்தன. ரோல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடி, பிறகு தானாக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள்.

விடுமுறை முடிந்த அன்று ஜெயகரண்ணன் முதல் வேலையாகத் தகட்டைத் துடைத்துவிட்டு முதலாளியிடம் போய் நின்றார். புதுப் பேட் கேட்டார்.

“மாட்டி முழுசா ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள புதுசா? தீபாவளி ஆர்டர் கழுத்தப் புடிக்குது. தொடச்சாச்சுல்ல? ஓட்டு.”

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பேட் சூடேறினால் குடித்த எண்ணெயைக் கக்கும். காலையில் துடைத்த தகடு மத்தியானம் மறுபடி மினுங்கும். நந்தகுமார் ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கிவிட்டு, ரோல் தானாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். அதைப் பார்த்த முதலாளி, “ஏன் பராக்குப் பாத்துட்டு நிக்கிற? ஃபிலிம் அத்து விழுந்தா உடனே எடுத்து ஒட்டோணும்” என்று கத்துவார். நந்தகுமாரும் எத்தனை நாள்தான் திட்டு வாங்குவான்?

அன்றைக்கு ஃபிலிம் அறுந்தது. நந்தகுமார் பட்டனை அமுக்கிவிட்டு நுனியைப் பிடிக்கப் போனான். ரோல் நிற்கவில்லை. தளர்ந்த ஃபிலிம் அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, கையோடு சேர்த்து ரோலுக்கும் உருளைக்கும் நடுவே இழுத்தது. அவன் போட்ட அலறலை எழுத எனக்குத் தெம்பில்லை. ஜெயகரண்ணன்தான் ஓடி வந்து ஸ்பேனரால் உருளையைத் தளர்த்திக் கையை வெளியே எடுத்தார். பிளேடு மாட்டுகிற யாதகிரி ஆட்டோ பிடித்தான். ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். வலது கை. அவன் பெண்டாட்டி எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது மிஷினைக் கழுவி வைத்திருந்தார்கள். ரத்தம் இல்லை. பேட் மட்டும் அதேதான். மற்ற இரண்டு மிஷினும் ராத்திரி முழுக்க ஓடியிருந்தன. நைட் ஷிப்ட்காரர்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். முதலாளி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. பிரேக்க மாட்டுனவன் சரியா மாட்டல. அதான் நந்து கை போச்சு. ஜெயகரா, நான் தப்பா மாட்டிட்டேன்னு ஒத்துக்கிட்டு நீயாப் போயிரு. நம்ம ஜனம்னு உட்டுப்போடறேன். இல்லாட்டி போலீஸ்ல உன்ற பேரத்தான் சொல்லுவேன்.”

“சார், எண்ணெ...” என்றார் ஜெயகரண்ணன்.

“பாத்தீங்களா? சாமிக்கு வெச்ச பொட்டாலதான் கை போச்சாம்! இவனுக்கு நம்ம பூஜை புடிக்கல. அன்னைக்கே மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தானே!”

சட்டென்று எல்லோரும் ஜெயகரண்ணனைப் பார்த்தார்கள். எங்களுக்குள்ளேயே சில கண்கள் மாறியதை நான் பார்த்தேன். அவர் தலை குனிந்துவிட்டது. வீட்டில் அவர் மனைவி டோரிஸ் அக்காவும் கல்லூரியில் படிக்கிற மகளும் இருக்கிறார்கள். போலீஸ் என்றால் சும்மாவா? “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கமலம் அக்கா முன்னால் வந்தாள்.

“சார், செந்தூரம் கொழைச்சது நான். தகட்டுல இழுத்தது நீங்க. இவரு எங்கேருந்து நடுவுல வந்தாரு?”

“கமலம், நீ பேசாத.”

“பேசுவேன் சார். நானும் சாமி கும்புடறவதான். எங்க வீட்டு அருவாமனைக்கும் பொட்டு வைக்கறேன். கட்டையில வைப்பேன், அலகுல வைக்க மாட்டேன். அதுக்காகச் சாமி என்னைக் கோவிச்சுக்கிட்டதில்ல. பேட்டு மாத்தாத குத்தத்துக்குச் சாமிய இழுக்காதீங்க.”

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. “அவ்வளவு தூரம் வந்துட்டியா? சரி. நந்து எடத்துல இன்னைக்கு நீ நிக்கறே. இல்லாட்டி வெளிய போ.”

“நிக்கவும் மாட்டேன். வெளிய போகவும் மாட்டேன்.”

சொல்லிவிட்டு அந்த மிஷினுக்கு முன்னால், ஈரத் தரையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பிரேக்குக்கு ஒரு கேடும் இல்ல! நானே பாத்துட்டேன்!” என்றார் முதலாளி.

யாதகிரிக்குத் தமிழ் புரியும், பேச வராது. இங்கே பக்கத்திலிருக்கிற புவனகிரிக்காரன், அதிகம் பேசுகிறவனுமில்லை. அவன் தெலுங்கில் மெதுவாகச் சொன்னான்: “ஐதே மீரே பெட்டண்டி சார். மீ செய்யி பெட்டண்டி.” அப்படியானால் நீங்களே கையை வையுங்கள் என்றான்.

“வெக்கறேன்டா! உங்களையெல்லாம் நம்பியா நான் கம்பெனி நடத்தறேன்?”

விறுவிறுவென்று போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினார். ரோல் சுழல ஆரம்பித்தது. ஷெட் அதிர்ந்தது. வேகம் பிடித்ததும் ஓடுகிற ஃபிலிமைக் கத்தியால் அவரே கிழித்துவிட்டார். சிவப்புப் பட்டனை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று போன சத்தம் கேட்டது. பேட் தகட்டில் உரசுகிற சத்தமும் கேட்டது. ரோல் நிற்கவில்லை. ஃபிலிம் குபுகுபுவென்று தரையில் குவிந்தது. கருகிய எண்ணெய் வாடை வந்தது.

இனி நுனியைப் பிடிக்க வேண்டும். நந்தகுமாரை அவர் தினமும் விரட்டிய வேலை அதுதான்.

முதலாளி ஒரு அடி எடுத்து வைத்தார். மோதிரம் போட்ட வலது கையை நீட்டினார். ரோல் சுழன்றுகொண்டே இருந்தது. நீட்டிய கை காற்றில் நின்றது. நைட் ஷிப்ட்காரர்கள் உட்பட எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களைப் பார்த்தார், ரோலைப் பார்த்தார். பிறகு கையை இழுத்து பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. நந்தகுமாரை நினைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது?

“வேற ஆளுக கொண்டாந்து ஓட்டிக் காட்டறேன். போலீஸும் வருது இருங்க” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார் முதலாளி.

யாதகிரி உட்கார்ந்தான். கொஞ்சம் முன்னால் ஜெயகரண்ணனை ஒரு மாதிரியாகப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பிய நைட் ஷிப்ட்காரர்கள் டிபன் டப்பாவைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். புதுப் பேட் மாட்டாமல் மிஷினைத் தொடுவதில்லை, ஜெயகரனை வெளியே அனுப்ப விடுவதில்லை, நந்து கை போனதற்குக் கம்பெனிதான் பொறுப்பு என்று முதலாளி வாயால் சொல்ல வேண்டும் என்று கமலம் அக்கா சொன்னாள். யாதகிரி அதைத் தெலுங்கில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னான்.

ஜெயகரண்ணன் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

“உனக்காகத்தானே உக்காந்திருக்கோம், நீ கைக்கு நிக்கறே?” என்று அவர் பாஷையிலேயே அதட்டினாள் கமலம் அக்கா. “ராஜி, கொஞ்சம் தள்ளு.”

நான் தள்ளி உட்கார்ந்தேன். அவர் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். ரோல் அதற்குள் தானாக நின்றிருந்தது. யாரோ போய்க் கம்ப்ரஸரையும் நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் நாங்கள் கேட்காத அமைதி ஷெட்டுக்குள் வந்தது. அதனால்தான் வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் அத்தனை தெளிவாகக் கேட்டது. போலீஸோ, புது ஆட்களோ, தெரியவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.