மூடுபனியில் வலது கை

பனி எப்போது இறங்கியது என்று கெசையாவுக்குத் தெரியவில்லை. விடியும்போது ஒஹையோ ஆறு இருந்தது. இரண்டு கரையிலும் காடு இருந்தது, வாத்துக்கூட்டம் ஒன்று தாழப் பறந்து போனது. பசுவுக்கு வைக்கோல் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எதுவும் இல்லை. படகின் ஓரத்துக்கு அப்பால் உலகத்தையே யாரோ வெள்ளைத் துணியில் சுருட்டி எடுத்துப் போய்விட்டது போலிருந்தது.

அவர்களுடையது பெட்டிப்படகு. பிட்ஸ்பர்க்கில் பலகைகளை அறைந்து அவசரமாய்க் கட்டியது. நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும். திரும்பி வர அதற்குத் தெரியாது. அதில் ஒரு பசு, ஒரு கலப்பை, விதைச்சோளம், கெசையாவின் நூற்புச் சக்கரம், நாற்பது வயதைத் தாண்டிய கணவன் ஈலிஹூ த்ரால்.

கனெக்டிகட்டில் அவர்களுக்கு ஒரு கல்லாங்காடு இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் மண்ணைவிடக் கல்தான் அதிகம் முளைக்கும். அதை ஈலிஹூ கெசையாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான். மேற்கே கறுப்பு மண், முழங்கை ஆழத்துக்குக் கல்லே கிடையாது என்று யாரோ தேவாலய வாசலில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "வித்தாச்சு" என்றான். அன்றிலிருந்து கெசையா அவனிடம் தேவைக்குமேல் பேசுவதில்லை. "சாப்பாடு ரெடி." "கயிறு அவுந்திருக்கு." அவ்வளவுதான். மலைகளைத் தாண்டினார்கள், படகு ஏறினார்கள், எல்லாமே அவளுக்கு வேறு யாருக்கோ நடப்பது போலிருந்தது. நாளைக்கு விழித்தால் பழைய அடுப்படியில் நிற்போம் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று நம்பிக்கொண்டே வந்தது.

பனிக்குள் படகு நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடப் புரியவில்லை. ஆற்றோடு சேர்ந்து போகிறவனுக்கு ஆறு ஓடுவது தெரியாது. ஈலிஹூ நீளத் துடுப்பைப் பிடித்தபடி கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் போறோம்னே தெரியலையே கெசையா."

அவள் பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது அடியில் ஏதோ முனகியது. படகு ஒரு முறை குலுங்கி, பாதி சுற்றி, நின்றுவிட்டது. ஆற்றுக்குள் வேர் புதைந்து நின்ற ஒரு பட்டமரத்தின் கிளை, பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. படகு நின்றதும் தண்ணீர் சலசலவென்று பக்கவாட்டில் உரசி ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் ஈலிஹூவின் முகம் தெளிந்தது.

"தண்ணி அந்தப் பக்கமா ஓடுது. அப்போ அதுதான் ஆறு இறங்கிப் போற திசை. அதைப் பாத்து நின்னா வலது கைப்பக்கம் ஒஹையோ, இடது கைப்பக்கம் கென்டக்கி. பனி விலகட்டும், கிளையை வெட்டிவிட்டுப் போவோம்."

கெசையா தலையசைத்தாள். கொஞ்ச நேரம் தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு வேறொரு சத்தம். களுக், களுக். துடுப்புச் சத்தம் என்று சொல்லமுடியாது. யாரோ கையால் தண்ணீரை அள்ளுவது போல.

வெண்மைக்குள்ளிருந்து மரத்தைக் குடைந்து செய்த ஒரு தோணி வெளியே வந்தது. அதில் ஒரு கறுப்பினப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் துடுப்பு இல்லை, ஒரு பலகைத்துண்டு இருந்தது. பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தோணி தானாக வந்து படகில் முட்டியது.

"பயப்படாதே" என்றாள் கெசையா. "உன் பேரென்ன?"

"டைசி." பலகையை அவள் விடவில்லை. "எனக்கு எதுவும் வேணாம்மா. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் புறப்பட்டேன். நேராத்தான் தள்ளிட்டு வந்தேன். பனி வந்தப்புறம் சுத்திச்சுத்தி எங்க போறேன்னே தெரியல. ஒரு தடவை கரை தட்டுப்பட்டுச்சு. எறங்கி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்புறம் பாத்தா எங்க முதலாளியோட வேலி."

எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதன் பொருள் மூவருக்கும் தெரியும். கென்டக்கிக் கரையில் அவள் அடிமை, இன்னொருவனின் சொத்து. ஒஹையோ கரையில் அப்படி இல்லை. நடுவில் இந்தத் தண்ணீர்.

கெசையா ஈலிஹூவைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவாலய டீக்கனின் மகன், சட்டத்துக்கும் வேதத்துக்கும் ஒரு சொல் விலகி நடந்தவனில்லை. ஓடிவந்தவர்களுக்கு ஒத்தாசை செய்தால் என்ன ஆகும் என்று பிட்ஸ்பர்க்கிலேயே எச்சரித்திருந்தார்கள்.

"நமக்கு இருக்கிறதெல்லாம் இந்தப் படகுதான் கெசையா" என்றான் மெதுவாக.

"அவகிட்ட அந்தப் பலகையைத் தவிர ஒண்ணுமில்ல" என்றாள் அவள். பல வாரங்களில் அவள் அவனிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

ஈலிஹூ பெருமூச்சு விட்டான். குனிந்து, படகோரம் கிடந்த சிறிய துடுப்பை எடுத்து டைசியிடம் நீட்டினான். "அதோ, அந்தப் பக்கம்" என்று கை காட்டினான்.

டைசி அந்தத் திசையைப் பார்த்தாள். அங்கேயும் வெள்ளைதான். "பத்து தடவை துடுப்புப் போட்டா மறுபடி தொலைஞ்சு போயிடுவேன் அய்யா" என்றாள்.

அது உண்மை. கெசையா சுற்றிலும் பார்த்தாள். பிறகு பசுவின் கழுத்திலிருந்த மணியைக் கழற்றினாள்.

"நான் இதை அடிச்சுக்கிட்டே இருக்கேன். சத்தம் உன் முதுகுக்குப் பின்னால இருக்கணும். தண்ணி உன்னைக் கீழ இழுக்கும், அதனால போகப்போக வலது காதுப்பக்கம் கேக்கும். அது சரி. இடது காதுல கேட்டா திரும்பிட்டன்னு அர்த்தம். புரியுதா?"

"வலது காது" என்றாள் டைசி. கெசையா ஒரு சோளரொட்டியைத் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்தாள். டைசி அதைப் பார்க்கக்கூட இல்லை. துடுப்பைப் போட்டாள். இரண்டு வீச்சில் பனி அவளை விழுங்கிவிட்டது.

கெசையா மணியை அடித்தாள். பனிக்குள் அந்த ஓசை எங்கோ கிளம்பி எங்கோ கரைந்தது. தன் கையிலிருந்து ஒரு நூல் நீண்டு கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியின் காதுவரை போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கை வலித்தபோது மாற்றிக்கொண்டாள். எவ்வளவு நேரமாயிற்றென்று தெரியவில்லை. பனிக்குள் நேரமும் நின்றுவிட்டிருந்தது.

பிறகு ஆறு போகும் திசையிலிருந்து, எதிரே துடுப்புச் சத்தம் கேட்டது. இது நல்ல துடுப்பு, இரண்டு ஜோடி. கூடவே ஒரு நாயின் முனகல்.

"நிறுத்து!" ஈலிஹூ கிசுகிசுத்தான். "மணியைக் கேட்டுத்தான் வர்றானுங்க."

"நிறுத்தினா அவ தொலைஞ்சுடுவா."

"கெசையா!"

அவள் நிறுத்தவில்லை.

"யோவ், யாருய்யா அது மணி அடிக்கிறது?" பனிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. ஆள் தெரியவில்லை.

ஈலிஹூ தொண்டையைச் செருமினான். "பெட்டிப்படகு! மரத்துல மாட்டியிருக்கோம். வேற படகு வந்து மோதிடக் கூடாதுன்னு அடிக்கிறோம்."

"தோணியில ஒரு பொம்பளை போனதைப் பாத்தீங்களா?"

"இந்தப் பனியில என் மூக்கே எனக்குத் தெரியல!"

அந்தப் பக்கம் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் எரிச்சலாகச் சொன்னான்: "எங்களுக்கும்தான். விடிஞ்சதுலேர்ந்து சுத்திக்கிட்டிருக்கோம். ஒஹையோ கரை எந்தப் பக்கம்யா? அங்கதான் எறங்கி மறிக்கணும்."

கெசையாவின் கை ஒரு அடி தவறியது. உடனே சமாளித்து அடித்தாள். ஈலிஹூ கண்ணை மூடினான். அவன் உதடு அசைவதைக் கண்டாள். ஜெபம் செய்கிறானோ, கணக்குப் போடுகிறானோ. பிறகு உரக்கச் சொன்னான்:

"வலது கைப்பக்கம்!"

"வலதா?"

"வலதுதான்!"

துடுப்புகள் திரும்பின. நாயின் முனகல் மெல்ல மெல்ல விலகிப்போனது. ஈலிஹூ அப்படியே கலப்பையின்மேல் உட்கார்ந்தான். கெசையா மணியடித்துக்கொண்டே அவனையே பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்த்த முகம், புதிதாக இருந்தது.

நண்பகலுக்குச் சற்றுமுன் பனி கிழிந்தது. முதலில் மரங்களின் தலைகள் மிதந்தன, பிறகு உடல்கள், பிறகு கரை. ஆள்நடமாட்டம் எங்குமில்லை. ஈலிஹூ கிளையை வெட்டிவிட்டான். படகை ஒஹையோ கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரத்தில், சேற்றில் அந்தத் தோணி மூக்கைச் செருகி நின்றது. துடுப்பு உள்ளே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ரொட்டி இல்லை. தோணியிலிருந்து வெறுங்கால் தடம் மேடேறி, செடிகளுக்குள் போய் மறைந்தது. தடங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, ஓடியிருக்கிறாள்.

ஈலிஹூ இறங்கினான். தோணியைப் பிடுங்கி நீரோட்டத்தில் தள்ளிவிட்டான். பிறகு ஒரு இலைக்கொம்பை ஒடித்து, சேற்றிலிருந்த தடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி அழித்தான். முழங்கால்வரை சேறோடு அவன் திரும்பி ஏறியபோது கெசையா கை கொடுத்தாள்.

"டீக்கன் மகன் பொய் சொல்லிட்டீங்களே" என்றாள்.

"நான் எங்க சொன்னேன்? வலது பக்கம்னேன். எனக்கு வலதுதானே." அவன் சேற்றைத் துடைத்தான். "அவனுங்க கீழேர்ந்து எனக்கு எதிர்ல வந்தானுங்க, அவனுங்க வலது கென்டக்கி. யாரோட வலதுன்னு அவனுங்க கேக்கல."

கெசையா ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பசு திரும்பிப் பார்த்தது. ஈலிஹூவும் வெட்கத்தோடு சிரித்தான்.

"உன்னைக் கேக்காம வித்திருக்கக் கூடாது" என்றான் திடீரென்று.

"கூடாதுதான்" என்றாள். "எங்க எறங்குறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"சொல்லு."

மாலைவரை அவள் படகின் முகப்பில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே போனாள். வெயிலில் காடு ஆவி விட்டது. டைசி இந்நேரம் எவ்வளவு உள்ளே போயிருப்பாள் என்று நினைத்தாள்; யாராவது கதவைத் திறந்திருப்பார்களா, எதிரே வருகிறவன் நல்லவனாக இருப்பானா. அந்தக் காட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஓர் ஓடை ஆற்றில் வந்து சேரும் இடத்தில் வெள்ளை மரங்கள் நின்றன. கெசையா எழுந்து நின்றாள்.

"இங்க" என்றாள்.

ஈலிஹூ துடுப்பைத் திருப்பினான்.