கட்டம் கட்டமாக வந்த மாப்பிள்ளை

என் தங்கை தமயந்திக்குப் பார்த்த மாப்பிள்ளை ஓசூர் பேருந்து நிலையத்தில் வந்திறங்கினார். தலைமுதல் கால்வரை கட்டம் கட்டமாக இருந்தார். அவருடைய ஃபாண்ட், அதாவது எழுத்துரு, எங்கள் ஊரில் இல்லை; அது இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் வெறும் கட்டமாகத்தானே தெரியும்.

நடத்துநர் மட்டும் சலித்துக்கொண்டார்.

"ஃபாண்ட் இல்லாத ஆளையெல்லாம் ஏத்திவிட்டுடறாங்க. எந்த ஸ்டாப்புன்னு சொல்றாருன்னே புரியல."

நான் தாலுகா ஆபீஸ் எதிரில் மனு அடித்துக் கொடுப்பவன். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, உருது எல்லாம் ஒரே கீபோர்டில் அடிப்பேன். கோப்பு அனுப்பும்போது கூடவே ஃபாண்டையும் போட்டு அனுப்புவது என் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் அதைச் செய்யவில்லை. ஆளை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் சித்தப்பா அவரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்னப்பா இது, மாப்பிள்ளையா ஜன்னலா?"

"மாப்பிள்ளைதான் சித்தப்பா. சரி பண்ணிடலாம்."

"முகூர்த்தம் முடியறதுக்குள்ள பண்ணு. கட்டத்துக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது. பஸ் ஏத்திவிட்டுடுவேன்."

கீபோர்டை மாப்பிள்ளையின் மடியில் வைத்தேன். ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினேன். கன்னடம் வந்தது. அவருக்குத் தோள் உருண்டது. பிறகு மறுபடி கட்டமானார். தெலுங்கில் உச்சந்தலையில் சின்னதாக ஒரு டிக் விழுந்தது. அதுவும் நிற்கவில்லை. இந்தியில் ஒரு கோடு தோன்றி, அதிலிருந்து காயப்போட்ட வேட்டிபோலத் தொங்கினார். இறக்கிவிட்டோம். உருதுவில் வலப்பக்கத்திலிருந்து வரத் தொடங்கினார். இடது காது வருவதற்குள் வலது காது போய்விட்டது.

"தமிழ்ல போடேன்பா," என்றார் சித்தப்பா.

போட்டேன். தலைக்கு மேல் ஒரு புள்ளி வந்தது. கீழே ஆள் வரவில்லை.

சித்தப்பாவின் முழங்கை ஸ்பேஸ் பாரில் பட்டது. மண்டபம் நீண்டது. மேளக்காரர்கள் தொலைவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வாசிப்பது தாமதமாகக் கேட்டது.

மாப்பிள்ளை ஏதோ சொன்னார். அதுவும் கட்டமாகத்தான் வந்து தரையில் விழுந்தது. தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"உங்களத்தாண்ணா. விரல் நடுங்குதாம். காபி குடிச்சிட்டு வரச் சொல்றாரு."

"உனக்கு எப்படிப் புரியுது?"

"போன்ல இப்படித்தானே பேசிட்டிருந்தாரு. பழகிடுச்சு."

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மண்டபம் நீண்டிருந்ததால் அவர் வாசலை எட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

தமயந்தி கீபோர்டைத் தன் மடிக்கு நகர்த்தினாள்.

"அண்ணா, என் ஃபாண்ட எடுத்துடுங்க."

"எடுத்துட்டா எங்களால உன்னப் படிக்க முடியாதும்மா."

"அவரால முடியும்ல?"

எதையும் நீக்கும்முன் இருமுறை கேட்பவன் நான். கேட்டேன். இருமுறையும் தலையாட்டினாள். விசையை அழுத்தினேன். கொலுசில் ஆரம்பித்து, பட்டுப்புடவை, கழுத்து, மூக்குத்தி என்று கட்டமாகிக்கொண்டே போனாள். மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

பாதிவழியில் சித்தப்பா திரும்பிப் பார்த்தார். எது பெண், எது மாப்பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை. யாரைப் பஸ் ஏற்றுவது என்று குழம்பிப் பையைக் கீழே வைத்தார். அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது.

புறப்படும்போது இருவரில் ஒருவர் என்னருகே வந்து நின்றார். மல்லிகை வாசம் அடித்தது. தமயந்திதான். ஏதோ சொன்னாள். நீளமாகத்தான் சொன்னாள், நடுவில் ஓர் இடம் விட்டு, மறுபடி தொடர்ந்தாள். கட்டங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"சரிம்மா," என்றேன்.

அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். அவள் கேட்டது ஏதோ கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.