மூன்றாம் பேஸில் இல்லாத கால்தடம்

எங்கள் பேஸ்பால் லீகில் ஒரு ஆட்டத்துக்கு ஒரே அம்பயர்தான். பந்து ஒரு பக்கம் பறக்கும், ஓடுகிறவன் இன்னொரு பக்கம் ஓடுவான். நான் பந்தைப் பார்ப்பேன். பார்க்காததையும் பார்த்த மாதிரி கத்துவேன். ஓஹையோ ஆற்றங்கரை ஊர்களில் கான் டூயி என்ற என் பெயரைச் சொல்லித் திட்டாத வாய் குறைவு.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன் மழை கொட்டி, தரை களியாகக் கிடந்தது. கடைசிச் சுற்று, நாலுக்கு நாலு. வெளியூர் அணியின் ஃபீனி இரண்டாம் பேஸில் நின்றான். அவனுடைய கூட்டாளி அடித்த பந்து வலது பக்கம், கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்த இடத்துக்குப் பறந்தது. பிடித்தார்களா என்று பார்க்க அந்தப் பக்கமே ஓடினேன். பந்து கீழே விழுந்தது. திரும்பினால், ஃபீனி கடைசி இடமான ஹோம் பேஸில் நின்று சேறு தட்டிக்கொண்டிருக்கிறான். பேஸ்களை வரிசையாக மிதித்து வந்தால்தான் ரன். மூன்றாவதை மிதித்தானா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

“ரன்!” என்று கத்தினேன்.

உள்ளூர் அணியில் மூன்றாம் பேஸைக் காக்கும் ஓட்டோ வேர்லெ நேராக என்னிடம் வந்தான்.

“சார், அவன் என் பேஸ் பக்கமே வரல. குறுக்கால பூந்து ஓடிட்டான்.”

“மிதிச்சான். நான் பார்த்தேன்.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேங்கறேன்ல.”

ஓட்டோ என் மணிக்கட்டைப் பிடித்து மூன்றாம் பேஸுக்கு இழுத்துப் போனான். பேஸைச் சுற்றிச் சேறு, அந்தச் சுற்று தொடங்குமுன் வழித்துவிட்டபடியே வழவழவென்று இருந்தது. உள்ளே தள்ளி, புல்லில் ஆணிச் செருப்பின் தடம் தையல் போட்டது போல ஹோம் பேஸ் வரை போயிருந்தது. எனக்கே தெரியும்படி இருந்தது.

“கீழ என்ன தேடற பெருசு, பல்லைத் தொலைச்சிட்டியா?” என்றான் ஃபீனி தூரத்திலிருந்து.

மைதானமே என்னைப் பார்த்தது. தப்பு என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், அடுத்த ஆட்டத்திலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் பேரம் நடக்கும்.

“அம்பயர் மேல கை வெச்சுட்ட. வெளிய போ.”

ஓட்டோ சட்டென்று கையை விட்டான். “சார், அது மட்டும் வேணாம். இன்னொரு தடவை வெளிய போனா சீட்டைக் கிழிச்சிடறேன்னு மேனேஜர் பாஸ்கம் சொல்லியிருக்கார்.”

“போ.”

அன்று தொண்டை நன்றாக வேலை செய்தது.

உள்ளூர் அணிக்கு அடிக்க ஒரு முறை மிச்சம் இருந்தது. மூன்றாம் பேஸில் ஒருத்தன் காத்திருக்க, ஓட்டோ மட்டையோடு நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவன் நின்று காற்றை அடித்துவிட்டுப் போனான். ஐந்துக்கு நாலில் தோற்றார்கள்.

வாசலில் கூட்டம் சேற்று உருண்டைகளோடு காத்திருந்தது. போலீஸ்காரரும் உள்ளூர் ரசிகர், ஆற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று என் தலைமேல் ஒரு கோட்டு விழுந்தது.

“குனிஞ்சுக்கங்க சார்.” ஓட்டோ. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “விடுங்கப்பா. ரெண்டு கண்ணை வெச்சுக்கிட்டு மனுஷன் நாலு பக்கம் எப்படிப் பாப்பாரு?”

எனக்கு வந்த உருண்டை அவன் காதில் பட்டது. அவனுடைய இன்னொரு கையில் பை இருந்தது.

“பை எதுக்கு?”

“கிழிச்சாச்சு சார். நடங்க, டிராம் போயிடும்.”

கோட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. கோட்டைக் குறை சொல்ல முடியாது. டிராமை இழுக்கும் குதிரைவரை போய்விட்டு, மைதானத்துக்கே திரும்பி நடந்தேன். கூட்டம் திகைத்து வழிவிட்டது. ஓட்டோ பின்னாலேயே வந்தான்.

பாஸ்கம் ஒரு பத்திரிகைக்காரரோடு உட்கார்ந்திருந்தார்.

“ஃபீனி மிதிச்சதை நான் பார்க்கல. மிதிக்கலைன்னு தடத்துல பார்த்தேன். பார்த்துட்டும் ஓட்டோவைத் துரத்தினேன்,” என்றேன்.

“இப்ப அந்த ரன்னை எடுத்துடுவியா?”

“முடிஞ்ச ஆட்டம். முடியாது.”

“அப்புறம் எதுக்குய்யா வந்த?”

“அவனைச் சேர்த்துக்கங்க.”

பாஸ்கம் பத்திரிகைக்காரரைத் தாடையால் காட்டினார். “இவர்கிட்ட சொல்லு. நாளைக்குப் பேப்பர்ல வரட்டும். அடுத்த ஆட்டம் ஓட்டோ ஆடுவான்.”

பத்திரிகைக்காரர் பென்சில் முனையை நாக்கில் நனைத்தார். முழுவதும் சொன்னேன். வேறெந்த டூயியும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

“கிறுக்கா சார் உங்களுக்கு?” என்றான் ஓட்டோ. “இனி எந்த ஊர்ல கூப்பிடுவாங்க?” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஆட்டம் போனது போனதுதானே.”

“ஆமா.”

வெளியே கூட்டம் கலைந்திருந்தது. இரண்டு அடியாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று சற்று நேரம் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை.