ஒன்றரை நிமிஷ ஏற்றம்

என் ஓரகத்தியும் நானும் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே ஹால், ஒரே தண்ணீர்த் தொட்டி. அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள், நான் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள். "உங்க அண்ணிகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். இரண்டடி தள்ளி நிற்கும் அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்வாள். நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி என் வீட்டுக்காரருக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

கடைசியில் ஆண்களுக்குத்தான் பொறுமை போயிற்று. ஹாலுக்கு நடுவே சுவர் எழுப்பிவிடுவது என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். அண்ணன் சர்வேயர். தொழில் சுத்தமாக டேப் பிடித்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். ஜன்னல் எங்களுக்கு, மின்விசிறி அவர்களுக்கு. சோபாவை நகர்த்தச் சோம்பல்பட்டதால் கோடு அதன்மேலும் ஏறி இறங்கியது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

எனக்குச் சுவர் வேண்டாம். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே! நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் இருமினால் எந்தப் பக்கத்து நெஞ்சு என்று என் அறையிலிருந்தே சொல்லிவிடுவேன். அது தொழில் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம். பொய். அந்த இருமல் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுமே என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள். ஊரே அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடும். டிவியில் கார் வேகமாகப் போனால்கூட அவள் வலது கால் தரையை அழுத்தும்.

"பிரியறதுக்கு முன்னாடி எல்லாருமா ஒரு நாள் எங்கயாவது போயிட்டு வருவோம்" என்று அண்ணன்காரர் சொன்னார். கோடு போட்டவரும் அவர்தான், போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சியவரும் அவர்தான். சனிக்கிழமை ஒரு வேனைப் பிடித்து ஊருக்கு வெளியே உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். அதைக் காட்டி எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம்.

ரோலர் கோஸ்டரைப் பார்த்ததும் எங்கள் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. என் மகனுக்கு இரண்டு விரல்கடை உயரம் போதவில்லை. அவள் மகளுக்குப் பார்த்ததுமே அழுகை. என் வீட்டுக்காரருக்குக் கழுத்து, அண்ணன்காரருக்கு ரத்த அழுத்தம். "அம்மா, நீயும் பயந்தாங்கொள்ளிதானா?" என்று அவள் மகள் அழுகைக்கு நடுவே கேட்டுவைத்தாள். அவ்வளவுதான், பிரேக் அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். "பெரியம்மா போறாங்க. நீ?" என்றான் என் மகன். ஏழு வயசில் என்ன வாய் பாருங்கள். நானும் போனேன்.

வண்டியில் வரிசைக்கு இரண்டிரண்டு சீட். அவளோடு ஜோடி சேர்ந்துவிடக் கூடாதே என்று பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டேன். "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஒன்பது பேருக்கு வள்ளலாக இருந்தேன். அவளும் அதே நினைப்பில் அந்தப் பக்கம் ஒன்பது பேருக்கு வழி விட்டிருக்கிறாள். கடைசி வரிசையில் இரண்டு சீட் பாக்கி, மேடையில் நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. அங்கே நின்ற விசில்கார அம்மா, "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒண்ணாவே உக்காருங்க" என்று எங்களைத் தள்ளி உட்காரவைத்து, கம்பியை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனாள்.

வண்டி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு டக் டக் டக்கென்று ஏறியது. உச்சிக்குப் போக ஒன்றரை நிமிஷம். நான் இடப்பக்கம் பார்த்தேன், அவள் வலப்பக்கம் பார்த்தாள். பாதி ஏற்றத்தில் அவள் சொன்னாள்: "கைப்பையை மடியில வெக்காத. காலுக்கு நடுவுல வெச்சுக்க."

ஏழு வருஷத்துக்கு அப்புறம் பேசின முதல் பேச்சு. அதிலும் உத்தரவு!

"எனக்கு யாரும் கத்துக்கொடுக்க வேண்டாம்" என்றேன்.

"ஆமாமா. கத்துக்கணும்னா நீ எங்கிட்டயா வருவ? வீட்டுலயே ஒருத்தி இருக்கும்போது எதிர்க்கடைக்காரன்கிட்ட போய் கார் ஓட்டக் கத்துக்கிட்டவதானே நீ! அன்னிக்கு என் ஸ்கூல்ல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, தெரியுமா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். தரை காணாமல் போயிற்று. நான் சொல்ல வந்த பதில் முழுவதும் "ஆஆஆ" என்று போயிற்று. பக்கத்தில் அவள் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, "கிளட்ச்! கிளட்ச்!" என்று அலறினாள்.

கீழே வந்தால் குழந்தைகள் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். குழந்தைகள் முன்னால் சண்டை போடுவதில்லை என்பது ஒன்றில்தான் நாங்கள் பேசாமலே ஒத்துப்போயிருந்தோம். பதிலை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. விறுவிறுவென்று மறுபடியும் வரிசையில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவளும் நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்தே பதில் பாக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

வரிசையிலேயே சண்டையை முடித்திருக்கலாம். அவளிடம் கார் ஓட்டக் கற்ற ஒரு பல் டாக்டர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, "மேடம், ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் எனக்கு இன்னும்..." என்று ஆரம்பித்துவிட்டார். இருபது நிமிஷம் ரிவர்ஸ்தான்.

இரண்டாவது ஏற்றத்தில் சங்கிலி பிடித்ததுமே ஆரம்பித்தேன். "முதல்ல ஆரம்பிச்சது யாரு? என் பிள்ளை பொறந்து நாலு மணி நேரம் ஆகல. ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பாத்துட்டு, 'பரவாயில்ல, வளர வளர சரியாயிடும்'னு சொன்னீங்களே, அது ஒரு மனுஷி சொல்ற பேச்சா? அந்த வயித்தெரிச்சல்லதான் எதிர்க்கடைக்குப் போனேன்!"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இந்தத் தடவை காற்று அவள் வாய்க்குள் போயிற்று. எனக்குப் பரம திருப்தி. அந்தச் சரிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இறங்கினதும் அவள் எனக்கு முன்னால் ஓடிப் போய் வரிசையில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் ஐஸ்கிரீம் உருகி முழங்கைவரை வழிய, வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

மூன்றாவது ஏற்றம். "ஆமா, சொன்னேன்" என்றாள். "இல்லேன்னு பொய் சொல்லணுமா? தலை ஒரு பக்கம் சப்பி, மூக்கு காதுகிட்ட போயிருந்துது."

"பெத்தவகிட்ட வந்து இப்படிச் சொல்லுவாங்களா?"

"பெத்தவகிட்டதான்டி சொல்லணும்! எனக்கு யாரும் சொல்லல. என் பொண்ணு பொறந்தப்ப இதைவிட மோசம். வந்தவங்க எல்லாரும் 'கண்ணைப் பறிக்கிற அழகு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்குக் கண்ணு இல்லையா? இப்படியே இருந்துடுவாளோன்னு மூணு மாசம் அழுதேன். வளர வளர சரியாயிடும்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா நான் ஏன் அப்படி..."

சரிவு.

அந்தத் தடவை எனக்குக் கத்த வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவளை ஏழு வருஷம் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் தூது விடவைத்திருக்கிறேன். மேடையில் இறங்கினபோது வெட்கமாக இருந்தது. அதனாலேயே அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் வரிசைக்கு நடந்தேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பல் டாக்டர்.

நான்காவது ஏற்றத்தில் அவளாகவே கேட்டாள், குரலை இறக்கி. "வயித்தெரிச்சல்னு சொன்ன. அதுக்காக எவனோ ஒருத்தன்கிட்டயா போவ?"

"வயித்தெரிச்சல் பாதிதான். மீதி பயம்க்கா" என்றேன். அக்கா என்று வாயில் வந்துவிட்டது. "உங்க பக்கத்துல உக்காந்து தப்பா ஓட்டினா, அப்புறம் அந்த வீட்டுல எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது? அவன் வண்டியிலயும் தப்பாத்தான் ஓட்டினேன். டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில்."

"மூணா! ரெண்டுன்னுதானே எனக்குத் தகவல்!"

"மூணாவது தடவை யாருக்கும் தெரியாது. டெஸ்ட் எடுக்கறவரோட ஸ்கூட்டர் மேலயே ஏத்திட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே உச்சியைத் தாண்டினோம். கைகள் தாமாக மேலே போயின, அவளுடையதும் என்னுடையதும். பின் வரிசையில் பல் டாக்டர், "ஐயோ மேடம், கம்பியைப் பிடிங்க மேடம்!" என்று கதறினார்.

கடைசி வண்டி என்று விசில்கார அம்மா அறிவித்தாள். பூங்கா மூடும் நேரம். இதற்குள் எனக்குக் கணக்குப் பழகிவிட்டது. ஏற்றத்துக்கு எண்பது டக். எழுபத்தெட்டாவது டக்கில் சுவர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன கையோடு சரிவு வந்துவிடும், அவள் 'மாட்டேன்' என்று சொன்னாலும் என் காதில் விழாது. பயந்தவள் போடும் திட்டம்தான், ஆனால் என்னிடம் வேறு இல்லை.

எழுபத்தேழாவது டக்கில் வண்டி நின்றுவிட்டது.

"யாரும் பயப்பட வேண்டாம்" என்றது ஒலிபெருக்கி. "போன வண்டியில போன ஒருத்தரோட டோப்பா முடி தண்டவாளத்துல கிடக்குது. எடுத்ததும் கிளம்பிடும்."

மேலே நல்ல காற்று. கீழே எல்லாரும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தார்கள். சரிவு வந்து யாரையும் தடுக்கப் போவதில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

"காத்து நல்லா வருது" என்றாள் கடைசியில்.

"ஆமா" என்றேன்.

"மழை வருமோ?"

"வராதுன்னு நினைக்கிறேன்."

ஏழு வருஷச் சண்டையைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சை வெட்ட ஒரு பள்ளம் இருந்ததால்தான் இத்தனை நேரம் எங்களுக்குத் தைரியம் இருந்திருக்கிறது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடி, ஆடாதே என்று தினமும் நூறு பேருக்குச் சொல்கிறவள், எனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, எனக்குச் செவுரு வேண்டாம்."

அவள் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தாள். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். அவள் உதடு பிரிந்தது. சங்கிலி டக்கென்றது. டோப்பாவை எடுத்துத் தொலைத்துவிட்டார்கள். மூன்றாவது டக்கில் சரிவு.

கீழே வந்ததும் விளக்குகளை அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ போனில் பேசியபடி இருந்தாள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இறங்கி வந்தாயிற்று, பதில் மட்டும் வரவில்லை. சரிதான், சுவர் வரட்டும், இந்த முகத்தைத் தினமும் பார்க்காமலாவது இருக்கலாம் என்று வீம்பாக நினைத்துப் பார்த்தேன். அப்போதும் அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசலில் ஹாரன். டிரைவிங் ஸ்கூல் காரில் அவள்.

"இன்னிக்கு லீவுதானே? ஏறு" என்றாள்.

"எங்கக்கா?"

"ரெண்டு மணி நேரம் போகணும். அங்க ஒண்ணு இருக்கு, ஏத்தம் மட்டும் மூணு நிமிஷமாம். நேத்து பூரா ஒவ்வொரு பார்க்கா போன் போட்டு விசாரிச்சேன். எவ்வளவு வேகம், எத்தனை சுத்துன்னே சொல்றாங்க. எவ்வளவு நேரம் ஏறும்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. என்ன தொழில் பண்றாங்களோ!"

"செவுரு பத்தி..."

"ஓட்டும்போது பேசக் கூடாது" என்று முதல் கியரைப் போட்டாள். இரண்டு மணி நேரமும் அந்த விதியை அவள் மீறவில்லை, என்னையும் மீற விடவில்லை.

அங்கே வரிசையில் நின்று, அந்த மூன்று நிமிஷ ஏற்றத்தை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். "எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? கொத்தனார் வந்து செங்கல் இறக்கிட்டார். செவுத்துல கதவு வெக்கணுமா வேண்டாமான்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்றது?"

அவளைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, கொத்தனாரைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றாள். "நாங்க இன்னும் பேசி முடிக்கல."