பணியாளர் நலத்துக்கு ஒரு டீன்

‘வளாக மலர்’ மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வெளிவந்தாக வேண்டும். வழவழ தாளில் பதினாறு பக்கம். ராசிபுரம் தாண்டி நாமக்கல் சாலையில் இருக்கும் அந்தச் சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில், யாருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த விடுதிக்குப் புதிய தண்ணீர் மெஷின் வந்தது என்பதெல்லாம் அதில் வரும். ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியை மெர்லின் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நன்றாக எழுதுகிறாள் என்று யாரோ சொல்லிவைக்க, அந்த இதழ் அவள் தலையில் விழுந்தது. இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ஐந்து வருடமாக அவள்தான் எழுதுகிறாள்.

‘பொறுப்பேற்றோர்’ என்று ஒரு பக்கம் உண்டு. புதிய துறைத்தலைவர்கள், புதிய பதிவாளர், புதிய துணைவேந்தர் எல்லாரும் போட்டோவோடு அங்கே வருவார்கள். ஐந்து வருடத்தில் நான்கு துணைவேந்தர்களை மெர்லின் வரவேற்று எழுதிவிட்டாள். ஒருவரைக்கூட வழியனுப்பி எழுதியதில்லை. போனவர்கள் போனதாக இதழில் வராது. அடுத்த மாதம் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

ஜனவரியில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வில் அவள் தேறியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டும், நகல் செல்லாது, மறுவாய்ப்பு கிடையாது என்று மூன்று வரி தடித்த எழுத்தில் இருந்தன. அதை அவள் பல்கலைக்கழகப் பேருந்தில், மல்லூர் தாண்டும்போது, நான்கு முறை படித்தாள். வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை அந்தத் தேர்வு எழுதித் தவறியிருந்தாள். வேலை உத்தரவு கையில் வந்த பிறகு அப்பாவிடம் நீட்டலாம் என்று வைத்திருந்தாள்.

அசல் சான்றிதழ்கள் அவளிடம் இல்லை. சேரும்போது சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கினார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம் வரை எல்லாம் நிர்வாகக் கட்டடத்து இரும்பு அலமாரிக்குள் போயின. அவளுடையவை மட்டுமல்ல, நூற்று நாற்பத்து மூன்று பேருடையவை. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாதென்று அரசு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருப்பதும், அலுவலகக் கண்காணிப்பாளர் சபரிநாதன் அதை ஒழுங்காகக் கோப்பில் சேர்த்து வைத்திருப்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சபரிநாதனிடம்தான் முதலில் கேட்டாள். செயலாளர் சொல்லாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது என்று அவர் தலை நிமிராமல் சொன்னார்.

செயலாளர் உஷாராணி, நிறுவனர் கைலாசத்தின் மருமகள். கைலாசம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டிச் சம்பாதித்து, கோழித்தீவன ஆலை வைத்து, பிறகு கல்லூரி கட்டிப் பல்கலைக்கழகம் ஆக்கியவர். மாமனார் சத்தம் போடுவார். மருமகள் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. மெர்லினை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாள். மெர்லினுக்குப் பொய் சொல்ல வராது, உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

“நல்ல சேதிதானுங்க,” என்றாள் உஷாராணி. “ஆனா செமஸ்டர் நடுவால பிள்ளைகள உட்டுட்டுப் போக உங்களுக்கு மனசு வருமா? கொஞ்ச நாள் போகட்டும், பேசிக்கலாம்.”

ஒரே ஒரு நாள் வேலை, சரிபார்த்துவிட்டு மறுநாளே கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்று மெர்லின் கெஞ்சினாள். உஷாராணி சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டீ ஆறுகிறது என்றாள்.

மறுநாள் மாலை, அந்த மாத இதழில் சேர்க்க வேண்டிய செய்திகள் செயலாளர் அலுவலகத்திலிருந்து வந்தன. ‘பொறுப்பேற்றோர்’ பக்கத்துக்கு ஒரே செய்திதான். பணியாளர் நலப் பிரிவு புதிதாகத் தொடங்கப்படுகிறது. அதன் முதல் டீன், முனைவர் அ. மெர்லின். அடையாள அட்டைக்காக எடுத்த, கண் பாதி மூடிய போட்டோ கூடவே இருந்தது. கடைசி வரியில், ‘இப்பொறுப்பை அவர் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதியிருந்தது.

மெர்லின் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வெளியே கோழிப்பண்ணை வாடை காற்றில் வந்து வந்து போயிற்று. அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினாள். அரைமணியில் வரி திரும்ப வந்தது. காலையில் நேரில் பேசலாம் என்று போனபோது உஷாராணி கோயம்புத்தூர் போயிருந்தாள். அதற்குள் துணைவேந்தர் கையெழுத்துப் போட்ட உத்தரவு வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிட்டது. கீழே வரிசையாக வாழ்த்துகள், பூங்கொத்துகள், கைகூப்பல்கள். ஒவ்வொன்றும் டங்கென்று ஒலித்து விழ விழ, யாரோ தாழ்ப்பாளை ஒவ்வொன்றாகப் போடுவதுபோல் அவளுக்கு இருந்தது.

அரிசிப்பாளையத்தில் வீடு. அப்பா அற்புதராஜ் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தேவாலயத்தின் பங்குப் பேரவை உறுப்பினர். வளாக மலரை அவர் மாதாமாதம் அட்டை முதல் அட்டை வரை படிப்பார். இந்த முறை படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பங்குச் சாமியார், நம் பங்கின் மகள் டீன் ஆகியிருக்கிறார் என்று அறிவித்தார். கோயில் முழுக்கக் கை தட்டியது. அம்மா இசபெல்லா, இரண்டு வருடமாகத் தூங்கிக்கிடந்த வரன் விவரத் தாளைத் தேடி எடுத்து, உதவிப் பேராசிரியை என்பதை அடித்துவிட்டு மேலே டீன் என்று எழுதினாள்.

இதற்குப் பிறகு போய், எனக்கு இது வேண்டாம், சான்றிதழைத்தான் கேட்டேன் என்று யாரிடம் சொல்வது? சொன்னாலும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு இரவு தூக்கமில்லை. புதன்கிழமை மறுபடி செயலாளர் அறைக்குப் போனாள். மறுநாள் பாராட்டு விழா, அதற்கான வேலையில் இருக்கிறார் என்றார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சென்னையில் ஏதோ ஒரு கூடத்தில் வரிசையில் நின்றிருக்க வேண்டும். கருத்தரங்க அறையில் கைலாசம் அவளுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். பேசச் சொன்னபோது ஐந்து நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அந்த ஐந்து நிமிடத்தையும் அடுத்த இதழில் அவளே எழுத வேண்டியிருந்தது.

ஏப்ரலில் சபரிநாதன் ஒரு பதிவேட்டையும் ஒரு சாவியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பணியாளர் ஆவணப் பாதுகாப்பு இனிமேல் டீனுடைய பொறுப்பு. யாராவது கேட்டு வந்தால் டீன் பேசி அனுப்புவார். உஷாராணி ஏன் தன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பது மெர்லினுக்கு அப்போது முழுசாக விளங்கியது. கேட்டவளையே காவலுக்கு வைத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்கள்.

அலமாரியைத் திறந்தாள். பெயர் வரிசையில் கோப்புகள் இருந்தன. தன்னுடையதை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். பத்தாம் வகுப்புத் தாளில் பெயர் முதலில் எழுத்துப்பிழையோடு வந்திருந்தது, அதைத் திருத்த அப்பா சென்னைக்கு மூன்று நடை நடந்தார்.

“மூணு மாசத்துக்கு ஒருக்கா நான் எண்ணிப் பாத்துக் கணக்குக் குடுக்கோணுமுங்க மேடம்,” என்றார் சபரிநாதன், வாசலில் நின்றபடி. “என்னுதும் அதுக்குள்ளதானுங்க இருக்குது. பத்தொம்பது வருசமாச்சு.”

அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மெர்லின் கோப்பை வைத்துப் பூட்டினாள். எடுத்திருந்தாலும் அந்த வியாழக்கிழமை திரும்பி வரப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜூன் மாதம் வணிகவியல் துறை ரஞ்சனி வந்தாள். குமாரபாளையத்துப் பெண், இருபத்தாறு வயது, அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். கோயம்புத்தூரில் நல்ல கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், அசலைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றாள். மெர்லின் அவளை உட்காரச் சொன்னாள். டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். பிறகு, அட்மிஷன் நேரம், கொஞ்ச நாள் போகட்டும், பேசிக்கொள்ளலாம் என்றாள். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன.

ரஞ்சனி எழுந்துகொண்டாள். கதவருகே நின்று, “நீங்க கேட்டப்ப என்னங்க மேடம் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தான் சான்றிதழ் கேட்டது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பது மெர்லினுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

“இதையேதான் சொன்னாங்க,” என்றாள்.

மாலை மெர்லின் பேருந்தில் ஏறினாள். ஆசிரியர்கள் வழக்கம்போல் அவளுக்கு முன் இருக்கையை விட்டிருந்தார்கள். டீன் ஆனதிலிருந்து அந்த இருக்கை அவளுடையது. பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பின்னால் பேசிச் சிரிக்கிறவர்கள், அவள் திரும்பினால் நிறுத்திக்கொண்டார்கள். உஷாராணி தன்னை என்ன செய்தாள் என்றே இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தவள், இன்று தான் என்ன செய்தோம் என்று யோசித்தாள்.

மறுநாள் முதல் பீரியடுக்கு முன்பே ரஞ்சனியைக் கூப்பிட்டனுப்பினாள். அலமாரியைத் திறந்து அவளுடைய கோப்பை எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். பக்கத்தில் ‘பணியில் இருந்து விலகுவதால் அசல்கள் திருப்பித் தரப்பட்டன’ என்று எழுதி, தானும் கையெழுத்திட்டு, கீழே டீன் என்று போட்டு முத்திரை வைத்தாள். சபரிநாதன் கை பதியவே கூடாது என்று அவரை அந்தப் பக்கம் வரவிடவில்லை.

ரஞ்சனி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். “உங்களுது, மேடம்?”

“உனக்குக் குடுத்தா அது டீனோட உத்தரவு. எனக்கே நான் எடுத்துக்கிட்டா அது திருட்டு,” என்றாள் மெர்லின். “நீ பஸ்ஸப் பிடி. இங்க நிக்காத.”

செவ்வாய்க்கிழமை உஷாராணி கூப்பிட்டாள். பதிவேடு அவள் மேஜையில் திறந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை.

“ஏனுங்க மெர்லின், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?”

“கேட்டிருந்தா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க மேடம்.”

“ஆமாங்க,” என்றாள் உஷாராணி. யோசித்துத்தான் சொன்னாள். “நடுவால நடுவால ஆளுக போனா நான் ஆர வெச்சுப் பாடம் நடத்தறது? மாமா என்னையத்தான் கேப்பாரு.”

மெர்லின் சாவியை மேஜையில் வைத்தாள். டீன் பதவியை எடுத்துக்கொண்டு சான்றிதழைத் தந்துவிடுங்கள் என்றாள். உஷாராணி சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதவியை எடுக்க முடியாது, செப்டம்பரில் அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வருகிறது, டீன்கள் பட்டியல் அவர்களுக்குப் போய்விட்டது என்றாள். பிறகு, “உங்களாட்ட ஒரு ஆள எப்படிங்க உட முடியும்?” என்று கேட்டாள். அவள் குரலில் நிஜமான வாஞ்சை இருந்தது. அதுதான் மெர்லினுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மறுநாள் அவளுடைய கோப்பு மட்டும் அலமாரியில் இருந்து எடுக்கப்பட்டு, செயலாளரின் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு லாக்கருக்குப் போனது என்று சபரிநாதன் மெல்லச் சொன்னார்.

அந்த வாரம்தான் அப்பாவிடம் சொன்னாள். ஜனவரி மின்னஞ்சலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அற்புதராஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“பாஸ் பண்ணிட்டியா?” என்று மட்டும் முதலில் கேட்டார். ஆமாம் என்றாள். “அத எங்கிட்ட சொல்லலையே, பாப்பா.”

தானே வந்து செயலாளரிடம் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். அடுத்த ஞாயிறு கோயிலில் யாரோ அவளை டீனம்மா என்று கூப்பிட்டபோது அவர் பெருமையாகச் சிரிக்கவில்லை, அவள் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ரஞ்சனி போன சேதி வளாக மலரில் வரவில்லை. ஆனால் பரவிவிட்டது. அலமாரி ஒருமுறை திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாவி என்னிடம் இல்லை என்று மெர்லின் சொன்னாலும் வந்தார்கள். முதலில் இயற்பியல் இளவழகன், பிறகு நூலகத்து சென்னியம்மாள். இன்னொரு வாரத்தில் பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இல்லை. ஆகஸ்டில் பதினேழு பேர் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதினார்கள். ஆய்வுக் குழு வருமுன் எங்கள் அசல் சான்றிதழ்களை எங்களிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம் என்று நான்கே வரி. வாசகம் மெர்லினுடையது. ஒரு அலங்கார வார்த்தைகூட இல்லாமல் எழுத அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் கையெழுத்தும் அவளுடையதுதான்.

கடிதத்தையும் அதன் நகலையும் சபரிநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பதினேழு பெயர்களையும் படித்தார். முத்திரையை எடுத்து மையில் அழுத்தி, நகலின்மேல் வைத்துத் தேதியும் நேரமும் எழுதினார். அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அசல் கடிதத்தின் அடியில், பதினெட்டாவதாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. செப்டம்பர் இதழ் அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கிறது. மெர்லின் பேருந்தில் ‘பொறுப்பேற்றோர்’ பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஐந்தாவது துணைவேந்தர் வந்திருக்கிறார்.