பின்னிருக்கைக்குக் கதவு இல்லை

வள்ளியாத்தாள் அந்தச் சின்னக் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். 1936ஆம் வருஷத்து ஐப்பசி. உக்கடத்தில் கார் விற்கும் அமீர் ஹம்சா, வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள் என்று பீளமேட்டு வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்திருந்தார். பருத்தி வியாபாரியான அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தி வண்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாலு பேரு குந்தற வண்டிக்கு ரெண்டே கதவுதானுங்களா?" என்று கேட்டாள்.

"சின்ன வண்டியில மூணு தினுசு இருக்குதுங்க அம்மணி," என்றார் அமீர் ஹம்சா. "டூரர்னா துணிக் கூரை. மழை வந்தா நனைய வேண்டியதுதான். சலூன்னா தகரக் கூரை. அதுல ரெண்டு கதவும் வருது, நாலு கதவும் வருது. கொழந்தை இருக்கற ஊட்டுக்கு ரெண்டு கதவுதான் தோது. பின்னால இருக்கற கொழந்தை கதவைத் தொறந்து உழுந்துபோடாதுங்க."

ஈஸ்வரமூர்த்திக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. கிணத்துக்கடவில் இருக்கும் மைத்துனர் வீடுவரை போய்வரலாம் என்றார்.

முன்னிருக்கையை மடக்கி, மூன்று வயது பாப்பாயியோடு அவளைக் குனிந்து உள்ளே போகச் சொன்னார்கள். இருக்கை மறுபடி நிமிர்ந்து டக்கென்று மாட்டிக்கொண்டது. அதில் கணவர் உட்கார்ந்தார்; அமீர் ஹம்சா ஓட்டினார். வள்ளியாத்தாள் தன் பக்கத்தைத் தடவினாள். கைப்பிடி இல்லை, துணி ஒட்டிய தகரம் மட்டுமே. கண்ணாடியும் இறங்காதது. குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மூச்சை எண்ணி எண்ணி விட வேண்டியிருந்தது.

கிணத்துக்கடவுக்கு முன்னால் ஒரு பள்ளம், மழைக்கால ஓடை, சாலையைக் கடந்து ஓடியது. மேற்கே பெய்த மழையில் தரைப்பாலத்தின் மேல் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அமீர் ஹம்சா வண்டியை நிறுத்தினார்.

"மொழங்கால் தண்ணிகூட இல்லீங்க, உடுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வேண்டாமுங்க," என்றாள் அவள். முன்னாலிருந்த இருவருக்கும் கேட்டது, இருவரும் திரும்பவில்லை.

பாதிப் பாலத்தில் இன்ஜின் இருமி நின்றது. அடுத்த நிமிஷம் வலப்புறமிருந்து தண்ணீர் திமுதிமுவென்று வந்து மோதியது. அமீர் ஹம்சா தன் கதவைத் தோளால் இடித்தார்; வெள்ளம் அதை அழுத்திப் பிடித்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி இடப்பக்கக் கதவைத் திறந்து குதித்தார். தண்ணீர் அவரை உருட்டிக்கொண்டு போய் ஒரு தடுப்புக்கல்லில் சேர்த்தது. அதைப் பற்றி எழுந்தவர், திரும்பிப் பார்க்காமல் கரைக்கு ஓடினார்.

முன்னிருக்கை நிமிர்ந்தபடியே நின்றது.

வள்ளியாத்தாள் அதைத் தள்ளினாள். அசையவில்லை. முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியது. வண்டியின் பின்பக்கம் ஒரு முறை மிதந்து, ஒரு முழம் நகர்ந்தது. பாப்பாயி வீறிட்டாள். வள்ளியாத்தாள் அவளைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டாள்.

"கொக்கி ஒண்ணு இருக்குதுங்க அம்மணி, அடியில இருக்குது, பயப்படாதீங்க," என்றார் அமீர் ஹம்சா. திறந்த கதவு வழியே அவர் எப்போதோ போயிருக்கலாம். போகாமல், குப்புறப் படுத்துச் சேற்றுத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். நகம் பெயர்ந்தது. கொக்கி விட்டது.

இருக்கையை மடக்கிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் இடுப்புத் துண்டைப் பிடித்தபடி அவளும் இறங்கினாள். அவர்கள் கரையேறிய சற்று நேரத்தில் வண்டி பக்கவாட்டில் சரிந்து பாலத்தை விட்டுப் போய்விட்டது.

"நானு... திரும்பி வரத்தான் பாத்தேன்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவள் முந்தானையைப் பிழிந்து குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

அதற்கப்புறம் அவள் எந்தக் கதவையும் சாத்தவில்லை. குளிக்கும்போதும் ஒருக்களித்தே வைத்தாள். ஒரு மாதம் கழித்து, கார் பேச்சே வேண்டாம் என்று கணவர் சொன்னபோது, "பாக்கலாமுங்க. இந்த பயத்தோட எத்தனை நாளைக்கு ஊட்டுக்குள்ளயே கெடக்கறது?" என்று அவரையும் பாப்பாயியையும் கூட்டிக்கொண்டு அவளே உக்கடத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே நாலு கதவுச் சலூன் ஒன்று நின்றது. பின்னால் ஏறி, கதவைச் சாத்தச் சொன்னாள். வியர்த்துக் கொட்டியது. கைப்பிடியைத் திருகித் திறந்தாள். மறுபடி சாத்தச் சொன்னாள். ஐந்து முறை அப்படிச் செய்தாள். அமீர் ஹம்சா ஐந்து முறையும் சாத்தினார்.

"இதையே எடுத்துக்கலாமுங்க," என்றாள் இறங்கி. பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்க பின்னால ஏறுங்க. நானும் பாப்பாயியும் முன்னால குந்திக்கறோம்."

ஈஸ்வரமூர்த்தி தலையைக் குனிந்து பின்னால் ஏறினார்.